பவுனின் கழுத்தில் ஒரு சத்தம்

ஜனவரி 18, சனி

ஒரகடம் வில்லாவில் செல்வலட்சுமி மேடம் வீட்டு லட்டுவுக்கு இன்று நாற்பது நிமிடம். பதினோரு வயது லாப்ரடார். பின்னங்கால் இரண்டும் இறுகிக் கிடக்கின்றன. வீடு முழுக்க வழுக்குகிற டைல்ஸ். அது நடக்கிற வழியில் பாய் விரியுங்கள் என்று நான்கு முறை சொல்லிவிட்டேன். "பார்க்க நல்லா இருக்காதே ஷாரோன்" என்கிறார். நாய் வழுக்கி விழுவது மட்டும் பார்க்க நன்றாக இருக்கிறதா?

முப்பத்தைந்தாவது நிமிடத்தில் லட்டு பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது. பக்கவாட்டில் சாய்ந்து, காலைத் தானாகவே நீட்டிக்கொண்டு தூங்கிவிட்டது. அதற்காகத்தான் அவ்வளவு நேரம் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். மேடமோ கைபேசியை என் முகத்துக்கு நேராக நீட்டுகிறார். அதில் யாரோ ஒருவன் குதிரையின் கழுத்தைப் பிடித்து வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டித் திருப்புகிறான். டக்! "நீங்க இந்த மாதிரியெல்லாம் பண்ண மாட்டீங்களா? சத்தமே வரலையே?"

சத்தம் வராது மேடம். நான் அழுத்துவது ஒரு கோழிமுட்டை உடையாத அளவுக்குத்தான். விரலை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இறுக்கத்தை உடம்பு தானாகவே விடும். விட்டதும் கண்ணைச் சிமிட்டும், நாக்கைச் சுழற்றும், கொட்டாவி விடும். இதை இன்னும் எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்வது?

பிசியோதெரபி நாலரை வருடம். கம்பெனி மருத்துவ அறையில் ஆறு வருடம், உற்பத்தி லைனில் நிற்கிறவர்களின் தோளும் இடுப்பும். அப்புறம் நாய்க்கும் குதிரைக்கும் என்று தனியாகப் பயிற்சி. இத்தனையும் முடித்து, படப்பையில் எனக்கு விழுந்திருக்கிற பெயர் 'நாய்க்குச் சுளுக்கு எடுக்குற அக்கா'.

ஜனவரி 19, ஞாயிறு

சர்ச்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா தன் கழுத்தைக் காட்டி, "நாய்க்குப் பண்றத எனக்கும் கொஞ்சம் பண்ணேன்" என்றார். பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது.

ஜனவரி 21, செவ்வாய்

பிள்ளைப்பாக்கம். அண்ணாதுரை அண்ணன் வீட்டுப் பவுனுக்கு மூன்றாவது முறை.

பவுனு ஒரு வெள்ளைக் குதிரை. நிலம் கம்பெனிக்குப் போன பிறகு சும்மா உட்காரப் பிடிக்காமல் அவர் வாங்கியது. மாப்பிள்ளை அழைப்பு, மஞ்சள் நீராட்டு, கோயில் ஊர்வலம் எல்லாவற்றுக்கும் போகும், மேளத்துக்கு ஆடும். ஆடும்போது தலை நிமிர்ந்து கம்பீரமாகத் தெரிய வேண்டுமாம். அதற்காகக் கடிவாளத்தைச் சேணத்தோடு சேர்த்து இழுத்துக் கட்டிவிடுகிறார்கள், மூன்று மணி நேரம். கழுத்து பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? இடப்பக்கம் திரும்பவே முடியவில்லை என்று டாக்டர் சுபாஷ் என்னிடம் அனுப்பினார். அவர் ஸ்ரீபெரும்புதூரில் கால்நடை மருத்துவர். அவர் பார்த்து அனுப்பாத எதையும் நான் தொடுவதில்லை.

இன்று பவுனு நன்றாக விட்டுக்கொடுத்தது. காதுக்குப் பின்னால் விரல் வைத்த பத்தாவது நிமிடத்தில் தலை மெல்ல இறங்கியது. உதடு தொங்கியது. கேரட்டைக் காட்டினால் இடப்பக்கம் தோள் வரை மூக்கைக் கொண்டுபோகிறது. முதல் நாள் ஓர் அங்குலம் திரும்பவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? அண்ணாதுரை அண்ணன், அவர் மனைவி காவேரி அக்கா, முதல் ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்து நின்ற மகன் வெங்கடேசன், அக்கம்பக்கத்து ஆட்கள் நாலு பேர். கொட்டகைக்குள் காற்று வரவில்லை.

"இன்னாம்மா இது, மூணு வாட்டி வந்துட்டே. தடவறே, நிக்கறே, பூடறே. உள்ள ஒண்ணும் வுழுந்த மாரி தெரியலயே" என்றார் அண்ணன்.

விழுவதற்கு அது என்ன மாங்காயா? பொறுமையாகச் சொன்னேன், எலும்பு எதுவும் இடம் மாறவில்லை, சதைதான் இறுகியிருக்கிறது என்று. தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, "உத்திரமேரூர் பக்கம் ஒருத்தன் கீறானாம். கட்டைய வெச்சி சுத்தியால ஒரு போடு போடுவானாம், டக்குனு எலும்பு குந்திக்குமாம். நாளிக்கி அவன இட்டாரட்டா?"

சுத்தியல். என் கையின் கீழே கண்ணை மூடி நின்றுகொண்டிருக்கிற உயிரைச் சுத்தியலால் அடிக்கிறவனைக் கூப்பிடப் போகிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

அப்போதுதான் செய்தேன். இடது கையைப் பவுனின் காதுக்குப் பின்னால் வைத்தேன். வலது கையைத் தாடைக்குக் கீழே கொடுத்தேன். பிடரி மயிருக்கு அடியில் என் கட்டை விரலை மடக்கி நெட்டி முறித்தேன். டக்.

"ஆங்! வுழுந்துச்சு பாரு!" என்று அண்ணன் கையைத் தட்டினார். காவேரி அக்கா உள்ளே போய்ச் சூடம் எடுத்துக்கொண்டு வந்து சுற்றிப் போட்டார். நாலு பேரும் என்னை இன்றுதான் பார்ப்பது போலப் பார்த்தார்கள். பத்து நாள் ஓய்வு, தலையைத் தூக்கிக் கட்டக் கூடாது என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறியதாகத் தெரியவில்லை. வெங்கடேசன் மட்டும் கிட்டே வந்து, "யக்கா, கைய எங்க எங்க வெச்சீங்க?" என்று கேட்டான். காட்டினேன்.

ஜனவரி 22, புதன்

என் கணவர் இனியவனிடம் சொன்னேன். இரண்டாவது ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் சட்டைப் பட்டனைக் கூடப் போடாமல் சிரித்தார். "இவ்ளோ வருஷமா இந்த ஐடியா வராம போச்சே உனக்கு" என்றார். நானும் சிரித்தேன்.

சுத்தியல்காரன் வரவில்லை. அது போதும் எனக்கு.

ஜனவரி 25, சனி

காவேரி அக்காவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். ஜிகினா சேணம், நெற்றியில் பட்டம், தலையை வானத்துக்குத் தூக்கிக் கட்டி, பட்டாசுப் புகைக்கு நடுவில் பவுனு. நேற்று மாலை எடுத்தது. பத்து நாள் ஓய்வு என்றேன், மூன்று நாள் கூட விடவில்லை!

போன் போட்டேன். "அதான் வுழுந்துச்சே ஷாரோனு, நீயே தான போட்டே. சரியாப் பூட்ச்சினு தான இட்டுனு போனோம்" என்றார் அக்கா. திட்ட வாய் வரவில்லை. வைத்துவிட்டேன்.

மூன்று வாரமாக விரலை வைத்து வைத்து இளக்கியதை மூன்று மணி நேரத்தில் காலி செய்துவிட்டார்கள். இந்த ஊரில் யாருக்காவது ஒரு விஷயத்தை முழுதாகக் கேட்கிற பழக்கம் இருக்கிறதா? கை கழுவிவிடலாம் போல இருக்கிறது. இனி அவர்களாக வந்து கெஞ்சட்டும்.

ஜனவரி 28, செவ்வாய்

வெங்கடேசனிடமிருந்து ஐந்து தடவை போன். எடுக்கவில்லை. அடிக்கட்டும்.

ஜனவரி 29, புதன்

வெங்கடேசன் செய்தி: "அக்கா பவுனு மறுபடி புடிச்சிகிச்சு. எங்க சூப்பர்வைசர் தம்பி கல்யாணம், நாளைக்கு மணிமங்கலத்துல மாப்ள அழைப்பு, பவுன இட்டாரேனு சொல்லிட்டேன். ஒரு வாட்டி வந்து அந்த டக்கு மட்டும் எடுத்து வுட்டுட்டு போங்க."

அந்த டக்கு மட்டுமா? பதில் போடவில்லை.

ஜனவரி 30, வியாழன்

ஒழுங்காக எழுத வரவில்லை.

காலை பதினொரு மணிக்குக் காவேரி அக்காவின் போன். அழுகைதான் கேட்டது, ஒரு வார்த்தை புரியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். எனக்கு முன்பே டாக்டர் சுபாஷ் வந்திருந்தார்.

நான் வராததால் வெங்கடேசன் தானே செய்திருக்கிறான். பவுனை இரும்புத் தூணில் குட்டையாகக் கட்டி, ஒரு கையைக் காதுக்குப் பின்னால் வைத்து, ஒரு கையைத் தாடைக்குக் கீழே கொடுத்து, ஒரு வெட்டு வெட்டியிருக்கிறான். சத்தம் வரவில்லை. பலம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு மறுபடி வெட்டியிருக்கிறான். பவுனு மிரண்டு பின்னால் இழுத்திருக்கிறது. கயிறு விடவில்லை. சிமெண்டுத் தரையில் கால் வழுக்கி, இடப்பக்கமாக விழுந்து, தலை தீனித் தொட்டியில் மோதி... கழுத்து கயிற்றில் தொங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. காவேரி அக்காதான் அடுக்களைக் கத்தியைக் கொண்டுவந்து கயிற்றை அறுத்திருக்கிறார்.

நான் போனபோது எழுந்து நின்றிருந்தது. நின்றதா அது? தலை முட்டி உயரத்துக்குத் தொங்குகிறது. இடது முன்னங்காலை எடுத்து வைத்தால் மடங்குகிறது. கழுத்தின் இடப்பக்கம் முழுக்கக் கல்லு மாதிரி வீக்கம்.

டாக்டர் ஊசி போட்டார். "எலும்பு முறிஞ்ச மாதிரி தெரியலை. நரம்புல அடி பட்டிருக்கு. மூணு நாலு வாரம் போனாத்தான் சொல்ல முடியும். படுத்துட்டு எழுந்திருக்க முடியலைன்னா அதோட கஷ்டம்" என்றார். பிறகு என்னிடம், "பத்து நாளைக்கு யாரும் கழுத்துல கை வைக்கக் கூடாது. நீயும்தான்" என்றார்.

வெங்கடேசன் தொட்டி பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான். "யக்கா, நீங்க காட்ன மாரிதான் கைய வெச்சேன். எங்க தப்பாச்சினு தெரிலக்கா."

நான் என்ன சொன்னேன்? "பதறாதே" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஜனவரி 31, வெள்ளி

தொட்டியில் குனிந்து பவுனால் தண்ணீர் குடிக்க முடியவில்லை. வாளியை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு காவேரி அக்கா நின்றார். நான் வாங்கிக் கொஞ்ச நேரம் பிடித்தேன்.

வெங்கடேசன் கொட்டகைக்குள் வந்தால் போதும், பவுனு அந்த நிலைமையிலும் பின்புறத்தை அவன் பக்கம் திருப்பி, சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. உடம்பு தோல் எல்லாம் துடிக்கிறது. அவன் வாசலிலேயே நின்றுவிட்டுப் போய்விட்டான்.

அண்ணன் தன் மகனோடு பேசுவதில்லை. அவனிடம் சொல்ல வேண்டியதைக் கூட, "அவன வூட்டுக்குள்ள போவச் சொல்லு" என்று அக்காவிடம் சொல்கிறார். அவன் ஒரு கை தூரத்தில்தான் நிற்கிறான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை.

யோசித்துப் பார்த்தால் தப்பு யார் மேல்? ஓய்வு கொடு என்றால் ஊர்வலம் கூட்டிக்கொண்டு போனது யார்? சத்தம் வரவில்லை, சத்தம் வரவில்லை என்று உயிரை எடுத்தது யார்? சுத்தியலைச் சொல்லிப் பயமுறுத்தியது யார்? படிக்காத வேலையில் கை வைத்தது யார்? நான் போகாமல் இருந்திருந்தால் சுத்தியல்காரன் வந்து அன்றைக்கே முடித்திருப்பான். இப்படியே இன்று முழுக்க ஒரு பட்டியல் போட்டேன். இதையெல்லாம் இனியவனிடமும் சொன்னேன்.

"சரி. அந்தப் பையன்கிட்ட சொல்லிட்டியா?" என்றார்.

"எதை?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

பிப்ரவரி 4, செவ்வாய்

நேற்று பவுனு படுத்துவிட்டது. பக்கத்து மெக்கானிக் கடை ஆட்களோடு சேர்ந்து ஆறு பேர், வயிற்றுக்கு அடியில் சாக்கைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. இன்று போனபோதுதான் தெரிந்தது.

வெங்கடேசன் நாலு நாளாக வேலைக்குப் போகவில்லை. சாப்பிடவும் இல்லை என்கிறார் காவேரி அக்கா. "'ஷாரோனக்கா எவ்ளோ சுளுவா செஞ்சுது, எனக்கு ஏன் வரல, எனக்கு ஏன் வரல'னு அதையே சொல்லிக்கினு கீறான். அவன் கைய அவனே பாத்துக்கினு குந்திக்கினு கீறான் ஷாரோனு. எனக்கு பயமா கீது."

எனக்கு ஏன் வரல.

எப்படிடா வரும்? அது குதிரைக் கழுத்தில் இருந்தால்தானே வரும்.

திரும்பும் வழியில் டாக்டர் சுபாஷின் கிளினிக்குக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு பூனைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். முடித்துப் பூனையைக் கூடைக்குள் விட்டார். பிறகு, "இதை எங்கிட்ட வந்து சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றார். அப்புறம், "உனக்கு நான் இனிமே கேஸ் அனுப்புறதைப் பத்தி யோசிக்கணும்" என்றார். சரி என்றேன்.

பயமாக இருக்கிறது. என் பிழைப்பே போகும். அதை எழுதிவிடுகிறேன், இதில் எனக்கு இருந்த தயக்கம் முழுக்க அதுதான்.

பிப்ரவரி 5, புதன்

சொல்லிவிட்டேன்.

மூன்று பேரையும் கொட்டகைக்கு வரச் சொன்னேன். வெங்கடேசன் வாசலுக்கு வெளியே நின்றான். சுற்றி வளைக்கத் தெரியாமல், "அன்னைக்கு வந்த சத்தம் பவுனு கழுத்துல இருந்து வரலைண்ணா. என் விரல்ல இருந்து வந்துச்சு" என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. கட்டை விரலை மடக்கிக் காட்டினேன். முதல் தடவை வரவே இல்லை. இரண்டாவது விரலில் வந்தது. டக். அந்த ஒரு நொடி நான் பட்ட அவமானத்தை என் எதிரியும் படக் கூடாது.

வெங்கடேசன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"அப்ப நான் எத்தக்கா செஞ்சேன்?"

"நடக்காத ஒண்ணை" என்றேன். "நீ தப்பா செய்யலை வெங்கடேசா. அப்படி ஒரு வைத்தியமே அன்னைக்கு நடக்கலை. நான் உனக்குக் கை வைக்கிற இடத்தைக் காட்டினது கூடப் பொய்தான்."

அவன் அப்படியே குந்திவிட்டான். முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்குகிறது. எனக்கும் அழுகைதான். அடக்கிக்கொண்டேன், அங்கே நான் அழுவதற்கு என்ன இருக்கிறது?

அண்ணன் எழுந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "உன்ன நம்பி ஊர் ஃபுல்லா சொன்னேனேம்மா. படிச்ச புள்ள, கையில இன்னாவோ கீதுனு சொன்னேனே" என்றார். பிறகு கேட்டைக் காட்டினார். "போ."

"நீங்க சுத்தியலைக் கொண்டாரேன்னு சொன்னீங்க..." என்று ஆரம்பித்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். அது உண்மைதான், ஆனால் அந்த இடத்தில் சொல்லக் கூடாத உண்மை. வண்டியை ஸ்டார்ட் செய்யவே ஐந்து நிமிடம் பிடித்தது.

பிப்ரவரி 8, சனி

எப்படித்தான் பரவுகிறதோ. பிள்ளைப்பாக்கத்தில் புதன்கிழமை சொன்னது, சனிக்கிழமை ஒரகடம் வில்லா குரூப்பில். செல்வலட்சுமி மேடம் போனில், "லட்டுவுக்கும் சும்மாதான் தடவினீங்களா ஷாரோன்?" என்றார்.

இல்லை மேடம். லட்டுவுக்கு ஒரு நாளும் சத்தம் வந்ததில்லை, யோசித்துப் பாருங்கள்.

"அதான் எனக்கும் அப்பவே டவுட்" என்றார்.

தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்று இருந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

இந்த வாரம் ஒரு நாயும் இல்லை, ஒரு குதிரையும் இல்லை. பரண் சுத்தம் செய்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

காலையில் அண்ணாதுரை அண்ணனே போன் செய்தார். வணக்கம் கிடையாது, நலமா கிடையாது. "டாக்டரு சொன்னாரு, இனிமே கழுத்துக்கு எதனா பண்ணணும்னா நீதான் செய்யணுமாம். அவருக்கு இது தெரியாதாம்." அப்புறம், "நீ வா. ஆனா தொடக் கூடாது. சொல்லு, எங்க ஆளுங்க செய்யட்டும்."

போனேன். கொட்டகை வாசலிலிருந்து பத்தடி தள்ளி ஒரு சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி. "இத்தத் தாண்டி வராதே" என்றார். சரி என்று அதற்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டேன். முப்பத்தெட்டு வயதில், பட்டம் வாங்கியவள், தண்டனைக்கு நிற்கிற பள்ளிப் பிள்ளை மாதிரி நிற்கிறேன். நிற்க வேண்டியதுதான்.

யார் கை வைப்பது? காவேரி அக்காவுக்குக் கழுத்து எட்டவில்லை. அண்ணன் கையை வைத்தார். மாட்டைக் கட்டிப் பிடிக்கிற பிடி அது. "அண்ணா, மெதுவா. இன்னும் மெதுவா. அழுத்தாதீங்க, வைங்க. வெச்சா போதும்." பவுனு தலையை உதறியது. அவர் கோபித்துக்கொண்டு கையை எடுத்துவிட்டார்.

வெங்கடேசன் வெளியிலிருந்து, "நான் வைக்கட்டா?" என்று கேட்டான், அம்மாவைப் பார்த்து.

அண்ணன் வெளியே போய்விட்டார். அவன் உள்ளே போனான். பவுனு சுவரோடு ஒட்டி நடுங்கியது. "இன்னைக்குத் தொடாதே. பக்கத்துல நில்லு, அவ்ளோதான். அது நடுக்கம் நிக்கிற வரைக்கும் நில்லு" என்றேன். ஒரு மணி நேரம் நின்றான். நடுக்கம் நிற்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

ஒரு வேலையைக் கையால் செய்வது சுலபம். வாயால் செய்வது இருக்கிறதே, அப்பப்பா! "மூணு விரல் கீழே. அங்கே இல்லை. உன் பக்கமா. இல்லைடா, உன்னோட அந்தப் பக்கம்!" தொண்டை கட்டிவிட்டது. நானே போய் அந்த விரலைப் பிடித்து வைத்தால் இரண்டு நொடி. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இத்தனைக்கும் வெங்கடேசனின் கை நல்ல கை. லைனில் சின்னச் சின்ன ஒயரைச் சொருகுகிற வேலை அவனுக்கு, விரலில் அவசரம் இல்லை. இன்று முதல் தடவையாகத் தோளில் கை வைக்க விட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். "யக்கா, உள்ள இன்னாமோ ஓடுது" என்றான். ஓடட்டும், கையை எடுக்காதே என்றேன்.

காவேரி அக்கா சொன்னார், அண்ணன் ஒப்புக்கொண்டிருந்த எல்லா ஊர்வலத்தையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஜிகினாச் சேணத்தை யாரோ வந்து விலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். என்னிடம் இன்னும் அவர் 'தொட்டியைத் தாண்டாதே' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மகனிடம் அதுவும் இல்லை.

பிப்ரவரி 24, திங்கள்

டாக்டர் சுபாஷ் வந்து பார்த்தார். முன்னங்கால் மடங்குவது நின்றிருக்கிறது. குனிந்து தண்ணீர் குடிக்கிறது. கழுத்து மட்டும் இடப்பக்கம் திரும்பவில்லை. "அது வராமலே போகலாம்" என்றார் என்னிடம் தனியாக. வெங்கடேசனுக்குக் கேட்டுவிட்டது.

போகும்போது, மறைமலை நகரில் ஒரு நாய்க்கு இடுப்புப் பிடிப்பு இருக்கிறது, பார்க்கிறாயா என்றார். நடந்ததை அந்த வீட்டுக்காரர்களிடம் முதலில் நானே சொல்கிறேன், அதன் பிறகும் கூப்பிட்டால் போகிறேன் என்றேன். சொன்னேன். கூப்பிடவில்லை.

மார்ச் 1, சனி

இரண்டு நாளாக எந்த மாற்றமும் இல்லை. வெங்கடேசனுக்குப் பொறுமை போகிறது. "இன்னும் கொஞ்சம் அழுத்தட்டாக்கா?" என்று கேட்டான். நான் போட்ட கத்தலில் தெருநாய் எழுந்து ஓடியது. பிறகு மன்னிப்புக் கேட்டேன். அவன், "பரவால்லக்கா, நீங்க கத்துனாதான் எனக்கு நிம்மதியா கீது" என்றான்.

மார்ச் 6, வியாழன்

காலை ஐந்தே முக்காலுக்குப் போய்விட்டேன். இந்த வாரம் அவனுக்கு முதல் ஷிப்ட், ஆறேகாலுக்குத் தெருமுனையில் கம்பெனி பஸ். அதற்குள் முடித்தாக வேண்டும். சீருடை, ஷூ, கழுத்தில் அடையாள அட்டை எல்லாம் மாட்டிக்கொண்டுதான் கொட்டகைக்குள் போனான். அட்டையைக் கழற்றடா, அதன் மூக்கில் இடிக்கும் என்றேன். கழற்றி அம்மாவிடம் கொடுத்தான்.

இடப்பக்கம் நின்று, காதுக்குப் பின்னால் மூன்று விரலை வைத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இருக்கவில்லை, வைத்த இடம் சரி, வைத்த கனம் சரி. இருபது நிமிடம் போனது. பவுனு கண்ணைச் சிமிட்டியது. நாக்கைச் சுழற்றியது. பின்னங்கால் ஒன்றைத் தளர்த்தி ஊன்றிக்கொண்டது. வாயை இவ்வளவு பெரிதாகத் திறந்து ஒரு கொட்டாவி, அப்புறம் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. நான் மூச்சு விடவில்லை.

அப்புறம் தானாகவே திரும்பியது. கேரட் இல்லை, கயிறு இல்லை, யாரும் இழுக்கவில்லை. மெல்ல மெல்ல, நடுவில் ஒரு தடவை நின்று, மறுபடி இடப்பக்கமாகத் திரும்பி, மூக்கை வெங்கடேசனின் நெஞ்சில் வைத்து முகர்ந்தது. பிறகு தலையைத் தூக்கி அவன் தோளில் வைத்தது. முழுக் கனத்தையும் வைத்துவிட்டது. அவன் ஒரு காலைப் பின்னால் ஊன்றித் தாங்கிக்கொண்டான்.

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. அவன் அசையவில்லை. மறுபடி அடித்தது. அவன் கையை எடுக்கலாமா, நகரலாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தான்.

அண்ணாதுரை அண்ணன் எப்போது வந்து என் பக்கத்தில் நின்றார் என்று தெரியாது. பல் தேய்க்கிற பிரஷ் கையில் இருந்தது.

"வெங்கடேசா" என்றார். "அப்டியே நில்லு. பஸ்சு போனா போவட்டும்."

ஐந்து வாரத்துக்குப் பிறகு இன்றுதான் அவனிடம் பேசுகிறார். காவேரி அக்கா அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடியே தெருமுனைக்கு ஓடி, போகச் சொல்லி பஸ்சுக்குக் கையைக் காட்டினார். அண்ணன் தொட்டியைத் தாண்டி உள்ளே போனார். நான் இந்தப் பக்கமே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.